பூட்டான் பயணம்: ராத்திரிக்கு 1200 ரூபா எங்க போய் சேருது?

ஞாயிறு, ஜெய்கான்

மேற்கு வங்கத்துல பாக்டோக்ராவுல ஃப்ளைட் இறங்கி, டாக்ஸி புடிச்சு பூட்டான் எல்லையில இருக்கற ஜெய்கான் வந்து சேர சாயங்காலம் ஆயிடுச்சு. வழி பூரா டூவார்ஸ் தேயிலைத் தோட்டம்தான், ஹாசிமாரா தாண்டுனதும் லாரி வரிசை ஆரம்பிக்குது. ட்ரெயின்ல வர்றவங்க ஹாசிமாராவுலயே இறங்கிக்கலாம், அங்கருந்து ரொம்ப பக்கம். கூட வந்திருக்கறது எங்க சித்தப்பா, கொடைக்கானல் மலை ரோட்ல ஆயுசு பூரா பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். "மலைய பாக்க மலையிலருந்து ஏன்டா இவ்ளோ தூரம் போகணும்"னு கிளம்பற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு, ஆனா பெட்டிய முதல்ல கட்டுனதும் அவர்தான்.

ஏன் பூட்டான்னு சொல்லிடறேன். கொடைக்கானலுக்கு மேல ஒரு சின்ன ஹோம்ஸ்டே வெச்சு பொழைக்கிற ஆளு நான். 2020 மார்ச்ல எல்லாம் மூடுனப்ப ரோட்ல காட்டுமாடு மட்டும் நடந்துச்சு, நாங்க சேமிப்ப கரைச்சு சாப்புட்டோம். அப்புறம் திறந்தாங்க, திறந்ததும் அடைச்சு வெச்ச மொத்த ஜனமும் ஒரே நேரத்துல மலை ஏறுன மாதிரி ஆயிடுச்சு. லீவு நாள்ல வெள்ளி அருவிகிட்ட நிக்கிற கார் வரிசைய பாத்தா ஊருக்குள்ள இருக்கற எங்களுக்கே ஆஸ்பத்திரிக்கு அவசரமா எறங்க முடியுமான்னு பயம் வரும். 2024 மே 7 லருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஐகோர்ட் உத்தரவுப்படி இ-பாஸ் வந்துச்சு, 2025 ஏப்ரல்ல எண்ணிக்கையும் வெச்சாங்க, கொடைக்கானலுக்கு வார நாள்ல 4000 வண்டி, சனி ஞாயிறுல 6000. எங்க ஆளுங்கள்ல பாதி பேரு அத திட்டுனாங்க, பாதி பேரு வரவேத்தாங்க. நான் ரெண்டு பக்கமும் நின்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். அப்பதான் பூட்டானப் பத்தி படிச்சேன். நம்மள விட ரொம்ப நாள் மூடி வெச்சிருந்த நாடு அது. திறக்கும்போது "வாங்க வாங்க"ன்னு சொல்லாம, விலைய ஏத்தி வெச்சு திறந்த நாடு. அது எப்படி நடந்துச்சு, அங்க என்னை மாதிரி சின்ன ஆளு எப்படி தாங்குனான்னு நேர்ல பாக்கணும்னு தோணுச்சு. எங்களுக்கு சீசன் ஏப்ரல் மே, அதனால பிப்ரவரியில கிளம்பியாச்சு.

திங்கள், புன்ட்ஷோலிங் வழியா திம்பு

ஜெய்கான்ல நம்ம ஊர் பஜார் மாதிரி ஹாரன், ஆட்டோ, தள்ளுவண்டி, கூச்சல். நடந்து போறவங்களுக்குன்னு தனி வாசல் இருக்கு, அதுக்குள்ள போய் அந்தப்பக்கம் வெளிய வந்தா புன்ட்ஷோலிங், சத்தம் அப்படியே அடங்கிப் போகுது. அரைமணி நேரம் முன்னாடி போற கடிகாரம் வேற. சித்தப்பா வாட்ச்ச திருப்பி வெச்சிட்டு சுத்தி பாத்தாரு, "ஏன்டா, இங்க யாரும் ஹாரனே அடிக்க மாட்டாங்களா?"

நமக்கு விசா கிடையாது, பர்மிட்தான். பாஸ்போர்ட் இல்லன்னா வோட்டர் ஐடி, ஆதார் செல்லாது. எஸ்டிஎஃப்னு சொல்ற நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் இந்தியர்களுக்கு ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 1200 ரூபா. 6 லருந்து 12 வயசு பிள்ளைங்களுக்கு பாதி, அதுக்கும் சின்ன பிள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்ல. நம்ம பணமும் அவங்க நுல்ட்ரமும் சரிக்கு சரி, அதனால கணக்கு போடறதுல குழப்பம் இல்ல. நம்ம யுபிஐய 2021 ஜூலையிலேயே ஏத்துக்கிட்ட முதல் வெளிநாடு பூட்டான்தான்.

கவுண்டர்ல பணம் கட்டிட்டு நிக்கும்போது பக்கத்துல ஒரு கொல்கத்தா குடும்பம், "ரூமுக்கு ஒரு காசு, இருக்கறதுக்கு ஒரு காசா"ன்னு சலிச்சுக்கிட்டாங்க. நியாயமான கேள்விதான், ஆனா அதோட பழைய கதை தெரிஞ்சா கொஞ்சம் வேற மாதிரி தெரியும். 1974 ல வெளிநாட்டு பயணிங்களுக்கு பூட்டான் கதவ திறந்ததுலருந்தே கொஞ்சம் பேரு வரட்டும், நல்லா செலவு பண்ணட்டும்ங்கறதுதான் அவங்க கொள்கை. வெள்ளைக்காரங்க ஒரு நாளைக்கு 200, 250 டாலர்னு பேக்கேஜ் எடுத்துத்தான் வரணும். நமக்கும் வங்கதேசம், மாலத்தீவு ஆளுங்களுக்கும் அப்ப ஒரு கட்டணமும் இல்ல. விளைவு, 2019 ல வந்தவங்க 3 லட்சத்து 15 ஆயிரத்துக்கு மேல, அதுல பெரும்பகுதி நம்மாளுங்க. எட்டு லட்சம் ஜனம்கூட இல்லாத நாடு அது. 2020 பிப்ரவரியில அவங்க பார்லிமென்ட் இந்தியர்களுக்கும் 1200 னு சட்டம் போட்டுச்சு, அது அமலுக்கு வர்றதுக்குள்ள அடுத்த மாசமே கொரோனா வந்து எல்லைய மூடிட்டாங்க. அதனால நிறைய பேரு இத கொரோனாவுக்கு அப்புறம் வந்த வசூல்னு நெனைக்கறாங்க, கூட்டம் தாங்காம முன்னாடியே எடுத்த முடிவு இது.

எல்லை ஊரோட நின்னு 24 மணி நேரத்துக்குள்ள திரும்பறவங்களுக்கு அப்புறமா அந்த கட்டணத்த எடுத்துட்டாங்க. புன்ட்ஷோலிங் கடைக்காரங்க பொழைப்பே ஜெய்கான்லருந்து வர்ற ஆளுங்கதான், அவங்க அழுத அழுகை அப்படி.

நம்ம வண்டிய உள்ள கொண்டு போனா தினம் 4500 ரூபா. அதனால அங்கத்திய டாக்ஸிதான் எடுத்தோம், அந்த காசு ஒரு பூட்டான் டிரைவர் வீட்டுக்கு போகுது, இது எனக்கு பிடிச்சிருந்துச்சு. வெளிவண்டி ஏறி வந்து வெளிவண்டியிலேயே இறங்கிப் போனா எங்க ஊர் டாக்ஸிக்காரனுக்கு என்ன கிடைக்கும்னு எத்தனை தடவை பேசியிருக்கோம்.

ரோடு நம்ம எல்லைச் சாலை அமைப்பு பிஆர்ஓவோட டன்டக் பிரிவு போட்டது, 1961 லருந்து அங்க வேலை பண்றாங்க. மேல ஏற ஏற மூட்டம், கேதுங்கற ஊர்கிட்ட முன்னாடி போற வண்டி லைட்டு மட்டும்தான் தெரிஞ்சுது. சித்தப்பா முன் சீட்ல உக்காந்து டிரைவரோட கால பாத்துக்கிட்டே வந்தாரு. ஒரு வளைவுல மேல ஏறி வர்ற லாரிக்காக எங்க டிரைவர் ஓரமா ஒதுங்கி நின்னதும் "இவன் டிரைவர்"னு ஒரே வார்த்தை சொன்னாரு. அவர் வாயில அது பெரிய பட்டம். வழியில டன்டக் கேன்டீன்ல மசால் தோசை கிடைச்சுது, அவ்ளோ ஒண்ணும் மோசமில்ல.

செவ்வாய், திம்பு

திம்பு, பாரோ தாண்டி போகணும்னா கைடு கட்டாயம். எங்களுக்கு வந்த தம்பிக்கு முப்பத்தஞ்சு வயசு இருக்கும், கோங்கற அவங்க ஊர் ஆம்பளைங்க உடைய உடுத்திக்கிட்டு முழங்கால் வரைக்கும் சாக்ஸ் போட்டுக்கிட்டு சுத்தமா வந்தாரு, ஹிந்தியும் இங்கிலீஷும் நல்லா பேசறாரு. சித்தப்பாவுக்கு ரெண்டும் அரைகுறை, ஆனா இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள ரெண்டு பேரும் தோள்ல கை போட்டாச்சு. அவர் சித்தப்பாவ "அங்கிள்ஜி"ங்கறாரு, இவர் அவர "தம்பி"ங்கறாரு. காரணம் தோமா. வெத்தல, பாக்கு, சுண்ணாம்பு, அவ்ளோதான், ஆனா பாக்கு பச்சையா ஊறப்போட்டு ஒரு வாடை அடிக்கும், வாயில போட்ட ரெண்டாவது நிமிஷம் காதெல்லாம் சூடாகுது, நெத்தி வேர்க்குது. குளிருக்குன்னே போடறாங்களாம்.

புத்தா டோர்டென்மா சிலை, நினைவு ஸ்தூபி, ட்ராஃபிக் லைட் இல்லாம போலீஸ்காரர் கைய அசைச்சு வண்டி விடற ஜங்ஷன், எல்லாம் பாத்தோம். நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அத எழுத நிறைய பேர் இருக்காங்க. நான் கேட்டது அந்த தம்பியோட கொரோனா கதைய.

பூட்டானுக்கு முதல் கேஸ் வந்ததே ஒரு டூரிஸ்ட் மூலமா, 2020 மார்ச் முதல் வாரத்துல. அன்னைக்கே டூரிஸ்ட்டுங்களுக்கு கதவ சாத்துனாங்க. ரெண்டு வாரம்னாங்க, அது ரெண்டரை வருஷம் ஆச்சு, 2022 செப்டம்பர் 23 வரைக்கும். வெளிநாட்டுலருந்து திரும்பி வந்தவங்களுக்கு 21 நாள் க்வாரன்டைன், ஹோட்டல்ங்களையே அதுக்கு எடுத்துக்கிட்டாங்க. "நான் கெஸ்ட்ட கூட்டிட்டு போன ஹோட்டல் வாசல்லயே ஆரஞ்சு யூனிஃபார்ம் போட்டு காவலுக்கு நின்னேன் சார்"னாரு. தேசுங்னு அவங்க தன்னார்வலர் படை, வேலை போன கைடுங்க நிறைய பேரு அதுல சேந்தாங்க. வேலை போனவங்களுக்கு ராஜாவோட கிதுங்கற நிவாரண நிதியிலருந்து மாசா மாசம் பணம் வந்துச்சு, வங்கிக் கடனுக்கு வட்டியில தள்ளுபடி கிடைச்சுது.

தடுப்பூசி விஷயம் கேட்டப்ப தம்பி முகத்துல ஒரு பெருமை. 2021 மார்ச் 27, நல்ல நேரம் பாத்து, அவங்க காலண்டர்படி குரங்கு வருஷத்துல பொறந்த ஒரு பொண்ணுக்கு குரங்கு வருஷத்துல பொறந்த இன்னொரு பொண்ணு ஊசி போட்டு ஆரம்பிச்சாங்க. இந்தியா குடுத்த அஞ்சரை லட்சம் கோவிஷீல்ட வெச்சு ரெண்டே வாரத்துல தகுதியுள்ள பெரியவங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல போட்டு முடிச்சாங்க. மொத்த கொரோனாவுலயும் அந்த நாட்டுல செத்தவங்க 21 பேருதான். எங்க தெருவுல மட்டும் எத்தனை பேரை தூக்கிட்டுப் போனோம்னு எனக்கு ஞாபகம் வந்துச்சு, கொஞ்ச நேரம் பேச முடியல.

ஆனா அதுக்கு அப்புறம் சொன்னதுதான் கனமான விஷயம். உயிர காப்பாத்துன நாடு தொழில காப்பாத்த ரொம்ப கஷ்டப்பட்டுச்சு. 2022 ல திறக்கும்போது வெளிநாட்டுக்காரங்களுக்கு 65 டாலரா இருந்த எஸ்டிஎஃப்ப 200 டாலரா ஆக்குனாங்க, பழைய பேக்கேஜ் முறைய எடுத்துட்டு. அதாவது ரூம், சாப்பாடு, கைடு, வண்டி எல்லாம் போக தலைக்கு தினம் 200. எதிர்பார்த்த ஆளு வரல. 2023 ஜூன்ல நாலு நாள் கட்டுனா நாலு நாள் இலவசம்னு சலுகை குடுத்து பாத்தாங்க, அதுவும் போதல, செப்டம்பர்ல பாதியாக்கி 100 டாலர்னு கொண்டு வந்தாங்க, அது 2027 ஆகஸ்ட் வரைக்கும். 2023 ல ஒரு லட்சத்துக்கு கொஞ்சம் மேல வந்தாங்க, 2024 ல ஒண்ணரை லட்சத்த நெருங்குச்சு. பழைய 3 லட்சத்துக்கு அப்பவும் பாதி வழிதான்.

இந்த இடைவெளியில ஆளுங்க கிளம்பிட்டாங்க. ஆஸ்திரேலியாவுக்கு. படிப்பு விசாவுல புருஷன் பொண்டாட்டியா போய் பெர்த்ல வேலை பாக்கறாங்க. தம்பியோட மனைவியும் அங்கதான், ஒரு முதியோர் இல்லத்துல. பொண்ணு இங்க பாட்டிகிட்ட வளருது. "என்கூட ட்ரெய்னிங் எடுத்தவங்கள்ல பாதி பேரு இப்ப அங்க இருக்காங்க சார். கெஸ்ட் திரும்பி வந்துட்டாங்க, கூட்டிட்டுப் போறதுக்கு ஆளுதான் இல்ல."

ஒரு தொழில மூடி வெச்சா கட்டடம் அப்படியே இருக்கும், பெயின்ட் அடிச்சா போதும். கைத்தொழில் தெரிஞ்ச ஆளு காத்திருக்க மாட்டான். எங்க ஊர்லயும் கொரோனாவுல திருப்பூருக்கு போன சமையல்காரங்க திரும்பி வரவே இல்ல.

புதன், புனாகா

தோசூலா கணவாய்ல நேத்து ராத்திரி பனி விழுந்திருக்கு, 108 ஸ்தூபியும் தலையில வெள்ள துண்டு கட்டுன மாதிரி நின்னுச்சு. ஏறக்குறைய 3100 மீட்டர் உயரம். 2019 ல இங்க ஒரு இந்திய பைக்கர் ஏணி வெச்சு ஸ்தூபி மேல ஏறி நின்னு ஃபோட்டோ எடுத்து, அது நாடு பூரா பரவி பெரிய மனவருத்தம் ஆச்சு. தம்பி அத எங்ககிட்ட குத்தமா சொல்லல, நான்தான் கேட்டேன். "எல்லாரும் அப்படி இல்லன்னு எங்களுக்கும் தெரியும் சார், ஆனா அன்னைக்கு எங்க அம்மா அழுதாங்க"ன்னாரு. கூட்டம் அதிகமாச்சுன்னா குப்பையும் ட்ராஃபிக்கும்தான் பிரச்சனைன்னு நம்ம பேசறோம், இது யாரும் கணக்குல எடுக்காத செலவு. எங்க ஊர் பூம்பாறை வேலப்பர் கோயில்ல தேர் நேரத்துல ஒருத்தன் ட்ரோன் விட்டு பெருசுங்க மனசு நொந்தது எனக்கு கண்ணுக்குள்ளயே இருக்கு.

புனாகா ஜோங், அதாவது கோட்டையும் மடமும் சேந்த கட்டடம், அழகு, ஆண் ஆறு போ சூவும் பெண் ஆறு மோ சூவும் சேர்ற முனையில 17 ஆம் நூற்றாண்டுல பூட்டான ஒரே நாடாக்குன ஷப்த்ருங் கட்டுனது. 1994 ல மேல பனி ஏரி ஒண்ணு உடைஞ்சு வந்த வெள்ளத்துல இந்த ஜோங்கும் அடி வாங்குச்சு, ஊர்ல உயிர்ச்சேதமும் ஆச்சு. நாட்டுல 60 சதவீதம் காடு எப்பவும் இருக்கணும்னு அரசியல் சட்டத்துலயே எழுதி வெச்சிருக்காங்க, இப்ப 70 சதவீதத்த தொட்டு நிக்குது, வெளிய விடற கார்பனை விட உள்ள இழுக்கற கார்பன் அதிகம். அப்படிப்பட்ட ஊருக்கு மேல மத்தவங்க விட்ட புகையால பனி உருகுது.

மத்தியானம் ட்ரான்ஸ் பூட்டான் ட்ரெயில்ல கொஞ்ச தூரம் நடந்தோம். மேற்கே ஹாவுலருந்து கிழக்கே ட்ராஷிகாங் வரைக்கும் 403 கிலோமீட்டர், அந்தக் காலத்துல தூதுவங்க ஓடுன பாதை. 1960 கள்ல ரோடு வந்ததும் இது புதர் மண்டிப் போச்சு. கொரோனா காலத்துல வேலையில்லாம இருந்தவங்களையும் தேசுங் ஆளுங்களையும் வெச்சு படி கட்டி, பாலம் போட்டு மீட்டு, 2022 செப்டம்பர்ல நாட்ட திறக்கும்போதே இதையும் திறந்தாங்க. ஒரு கல்படியில தம்பி நின்னு தட்டிக் காட்டுனாரு, "இந்த மாதிரி படிங்க நான் போட்டிருக்கேன், ட்ரோங்சா பக்கம்." சித்தப்பா குனிஞ்சு அந்த கல்ல ஆட்டி பாத்தாரு, ஆடல.

எனக்கு இந்த பயணத்துல இதுவரைக்கும் பிடிச்ச விஷயம் இதுதான். தொழில் செத்துக் கெடந்த நேரத்த அடுத்த தொழிலுக்கு பாதை போட செலவு பண்ணிருக்காங்க. நம்ம பக்கம் அந்த ரெண்டு வருஷத்துல பழைய குதிரைப் பாதைங்க, கும்பக்கரையிலருந்து மேல ஏறி வர்ற பழைய வழி, எதையாவது சரி பண்ணிருந்தா இன்னைக்கு கூட்டம் ஒரே ஏரிய சுத்திச் சுத்தி வந்திருக்காது.

வியாழன், ஃபோப்ஜிகா

வண்டிய விட்டு இறங்குனதும் சித்தப்பா கேட்டது, "இது நம்ம மன்னவனூர் தானடா?" அகலமான பள்ளத்தாக்கு, பழுப்பு புல்லு, நடுவுல ஈரநிலம், சுத்தி உழுது போட்ட உருளைக்கிழங்கு வயல். நிஜமாவே உருளைக்கிழங்குதான் இந்த ஊர் பொழைப்பு. கிட்டத்தட்ட 2900 மீட்டர், காத்து மூக்க அறுக்குது.

கருங்கழுத்துக் கொக்கு இங்கதான். திபெத்துலருந்து அக்டோபர் கடைசியில வந்து பிப்ரவரி மார்ச்ல திரும்பும். ட்ருங் ட்ருங் கர்மோங்கறாங்க. ஒதுங்கி நின்னு பைனாகுலர்ல பாத்தோம்: ஆளுயரத்துக்கு கொஞ்சம் கம்மி, கழுத்து கறுப்பு, உச்சந்தலையில கொஞ்சம் சிவப்பு, ஒண்ணு தலைய குனிஞ்சு எறக்கைய விரிச்சு குதிக்க, எதிர்ல நிக்கறது அதே மாதிரி குதிக்குது. சித்தப்பா பைனாகுலர குடுக்கவே இல்ல. இந்தக் கொக்குங்களுக்காக ஊருக்கு வர்ற கரண்ட் கம்பிய மண்ணுக்கு அடியில கொண்டு வந்திருக்காங்க. பறக்கும்போது கம்பியில மோதிச் செத்துடக் கூடாதுன்னு. மேல கம்பம் நட்டா செலவு கம்மி, சீக்கிரமும் வந்திருக்கும், ஆனாலும் அப்படி செய்யல. நவம்பர் 11 ல கங்டே மடத்துல கொக்குத் திருவிழா நடத்துவாங்க, பள்ளிக்கூட பிள்ளைங்க கொக்கு வேஷம் கட்டி ஆடுவாங்களாம்.

தங்கறது ஒரு பண்ணை வீட்ல. கீழ மாட்டுக்கும் விறகுக்கும், மேல ஆளுங்களுக்கு. நடுக்கூடத்துல புகாரி அடுப்பு, அதுக்கு மேல மிளகாயும் பாலாடைக்கட்டி மாலையும் காயுது. வீட்டுக்கார அம்மாவுக்கு என் அம்மா வயசு. நான் "அம்மா"ன்னுதான் கூப்டேன், அவங்க கேவா தட்ஷி வெச்சாங்க, உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் மிளகாயும் போட்டது, கூட சிவப்பரிசி சோறு. சித்தப்பா ரெண்டாவது தடவ கேட்டு வாங்குனாரு. எமா தட்ஷி மட்டும் அவரால முடியல, அதுல காய் கறின்னு தனியா ஒண்ணும் இல்ல, மிளகாயேதான் காய்.

ராத்திரி கல் வெந்நீர்க் குளியல். இத கொஞ்சம் விவரமா சொல்லணும். வீட்டுக்கு வெளிய ஒரு சின்ன கொட்டகை, அதுக்குள்ள நீளமான மரத்தொட்டி, தொட்டியோட தலைமாட்டுல ஒரு தடுப்பு, ஓட்டை போட்ட பலகை. வெளிய அவங்க மகன் விறகுக் கட்டையில ஆத்துக் கல்லுங்கள ரெண்டு மணி நேரமா வேக வெச்சிருந்தாரு, கல்லு சிவந்து கிடந்துச்சு. நீட்டு இடுக்கியால ஒவ்வொரு கல்லா தூக்கி தடுப்புக்கு அந்தப்பக்கம் போட, "ஸ்ஸ்"னு கத்தி, படார்னு வெடிச்சு, தண்ணி கொதிச்சு ஓட்டை வழியா நம்ம பக்கம் வருது. மாசிபத்திரி ஜாதி தழை ஒரு கத்தை போட்டிருந்தாங்க, எங்க கொல்லையில மழைக்கு அப்புறம் வர்ற அதே வாசம். சூடு கம்மியாச்சுன்னா பலகைய தட்டணும், வெளிய இருக்கறவர் இன்னொரு கல்லு போடுவாரு. சித்தப்பா முழங்கால் வலின்னு ரெண்டு வருஷமா தைலம் தேய்க்கறவரு, தட்டிக்கிட்டே இருந்தாரு.

அப்புறம் அடுப்பு பக்கத்துல உக்காந்து அம்மாகிட்ட பேசுனேன், தம்பி மொழிபெயர்த்தாரு. கொரோனாவுல என்ன பண்ணுனீங்கன்னு கேட்டேன். கிழங்கு இருந்துச்சு, மாடு இருந்துச்சு, பசி இல்ல, ஆனா ரூமுக்கு பாத்ரூம் கட்ட வாங்கின கடன் இருந்துச்சு, அதான் தூக்கம் வரலன்னாங்க. கொக்கு அந்த வருஷமும் வந்துச்சு, பாக்கத்தான் யாரும் இல்ல. இப்ப எப்படின்னு கேட்டதுக்கு அவங்க சொன்னது என் மண்டையில அப்படியே நின்னுடுச்சு. "ஆளுங்க வர்றாங்க. மத்தியானம் வர்றாங்க, கொக்க ஃபோட்டோ எடுக்கறாங்க, டீ குடிக்கறாங்க, சாயங்காலம் புனாகா போயிடறாங்க. தங்கறதில்ல."

ஏன் தங்கறதில்லன்னு நான் சொல்றேன். நாலு பேரு வந்த குடும்பத்துக்கு ஒரு ராத்திரி கூடுதலா இருந்தா 4800 ரூபா அரசாங்கத்துக்கே கட்டணும், அதுக்கு மேல ரூம், சாப்பாடு, கைடு, வண்டி. அப்ப அவங்க எத வெட்டுவாங்க? தூரத்து ஊர வெட்டுவாங்க. திம்பு, புனாகா, பாரோவோட முடிச்சுக்குவாங்க. ட்ரோங்சா, பும்தாங், அந்தப்பக்கம் மோங்கர், ட்ராஷிகாங், அங்கெல்லாம் போக நாள் வேணும், ஒவ்வொரு நாளுக்கும் இதே கட்டணம். ராத்திரி கணக்குல வாங்கறது கூட்டத்த குறைக்குது, சரி, ஆனா கூடவே மெதுவா சுத்தற ஆளையும் குறைச்சுடுது. மெதுவா சுத்தறவன்தான் பண்ணை வீட்ல தங்கறவன், கிழங்கு வாங்கறவன், இந்த அம்மாவோட பாத்ரூம் கடன அடைக்கறவன்.

அதுக்காக கட்டணமே தப்புன்னு நான் சொல்லல. அந்த பணம் அரசு கஜானாவுக்கு போய் இலவச வைத்தியத்துக்கும் படிப்புக்கும் காட்டுக்கும் போகுது, அது எனக்கு உறுத்தவே இல்ல, இன்னும் சொன்னா சந்தோஷமா கட்டுனேன். முதல் நாலு ராத்திரிக்கு முழுசா வாங்கட்டும், அதுக்கு மேல இருக்கறவனுக்கு குறைக்கட்டும், கிழக்கே போறவனுக்கு இன்னும் குறைக்கட்டும். 2023 ல டாலர்காரங்களுக்கு நாலுக்கு நாலு குடுத்தாங்களே, அந்த யோசனைதான் சரியான திசையில இருந்துச்சு. மொத்தமா பாதியாக்குனது எண்ணிக்கைய ஏத்தும், ஆனா தங்கற நாள ஏத்துமான்னு எனக்கு சந்தேகம். தம்பிகிட்ட இத சொன்னேன், "எங்க கைடு சங்கத்துல இதே சண்டைதான் சார்"னாரு.

வெள்ளி, ஃபோப்ஜிகா

இன்னொரு நாள் இருந்தோம், 2400 கட்டி. காலையில வயலெல்லாம் உறைபனி. கங்டே மடத்துக்கு நடந்து போனோம். காலில் அடிபட்டோ எறக்கை முறிஞ்சோ பறக்க முடியாத கொக்க காப்பாத்தி வெச்சு பாத்துக்கற மையம் ஒண்ணு இருக்கு, அங்க ஒரு மணி நேரம். அம்மாகிட்ட எங்க ஊர் மலைப்பூண்டு ஃபோட்டோ காட்டுனேன், எத்தனை ரூபா கிலோன்னு கேட்டு ஆச்சரியப்பட்டாங்க, அதுக்கு புவிசார் குறியீடு இருக்குன்னு சொன்னேன். அவங்க கிழங்குக்கு அப்படி ஏதும் உண்டான்னு பேச்சு எங்கெங்கயோ போச்சு.

சனி, பாரோ

பகல் பூரா ரோடு. பாரோ வந்தா ஹோட்டல் ஹோட்டலா தெரியுது, பாதி ஜன்னல்ல விளக்கு இல்ல. கூட்டம் இல்லாத மாசம்தான், இருந்தாலும் கடன் வாங்கிக் கட்டுன ஆளு வயித்துல நெருப்புதான்.

ஞாயிறு, தக்சாங்

புலிக்குகை மடம். 1692 ல கட்டுனது, 1998 ல தீ புடிச்சு எரிஞ்சு, மறுபடி அதே மாதிரி கட்டுனாங்க. சித்தப்பா பாதி வழி கேன்டீன் வரைக்கும் குதிரையில, அப்புறம் கைத்தடியோட. மேல போற பாதையில ப்ளாஸ்டிக் ஒண்ணுகூட கண்ல படல, ஒரு வயசான அம்மா ஜபமாலை உருட்டிக்கிட்டே ஒரு கையில சாக்குப் பை புடிச்சு பொறுக்கிட்டே வந்தாங்க, பக்தையா பணியாளரான்னு தெரியல, ரெண்டுமா இருக்கலாம். உள்ள ஃபோன் கேமரா எதுவும் கொண்டு போக முடியாது, லாக்கர்ல வெச்சிடணும். அந்த ஒரு விதியால உள்ள இருக்கற ஒவ்வொரு ஆளும் சாமியத்தான் பாக்கறான். எங்க பக்கத்து கோயில்ங்கள்லயும் இத கடுமையா கொண்டு வந்தா நான் முதல் ஆளா ஆதரிப்பேன்.

திங்கள், திரும்பற வழி

தம்பி புன்ட்ஷோலிங் வரைக்கும் வந்தாரு. அவர் மனைவி அடுத்த வருஷம் திரும்பி வரணுமா, இவர் அங்க போகணுமான்னு இன்னும் முடிவாகல. சித்தப்பா, "தம்பி, பிள்ளைய விட்டுட்டு போகாதப்பா"ன்னு தமிழ்லயே சொன்னாரு, நான் மொழிபெயர்த்தேன், அவர் பதில் சொல்லல, சித்தப்பா கைய புடிச்சுக்கிட்டாரு.

ஊருக்கு போனதும் எங்க ஹோம்ஸ்டே ஆளுங்க கூட்டத்துல ரெண்டு விஷயம் வைக்கப் போறேன். இ-பாஸ் வண்டி எண்ணிக்கைய கட்டுப்படுத்துது, ஆனா காலையில வந்து ராத்திரி இறங்கிடற காரையும் மூணு நாள் இருக்கற குடும்பத்தையும் அது ஒரே மாதிரிதான் எண்ணுது. தங்கறவங்களுக்கு முன்னுரிமை குடுக்கச் சொல்லி மனு போடலாம். இன்னொண்ணு, மன்னவனூர், பூம்பாறை, கூக்கால் பக்கம் நடைபாதைங்கள நாமளே சேந்து சுத்தம் பண்ணி, உள்ளூர் பசங்களையே கைடா போடறது. சித்தப்பா முதல் கையெழுத்து போடறேன்னிருக்காரு.

போக நினைக்கறவங்களுக்கு: வோட்டர் ஐடி ஒரிஜினல் எடுத்துக்கோங்க, பிள்ளைங்களுக்கு பாஸ்போர்ட் இல்லன்னா பிறப்புச் சான்றிதழ். கொக்கு பாக்கணும்னா நவம்பர்லருந்து பிப்ரவரி. ஃபோப்ஜிகாவுல பகல்ல எட்டிப் பாத்துட்டு திரும்பாம ரெண்டு ராத்திரியாவது பண்ணை வீட்ல இருங்க, கைடுகிட்ட முன்னாடியே சொன்னா வீடு பாத்து வெச்சிடுவாங்க. கல் குளியலுக்கு மத்தியானமே சொல்லிடணும், கல்லு சூடேற நேரம் எடுக்கும்.